பெட்டிக்குள் ஒரு மேகம்

அத்தியாயம் 4

அந்த மனிதர் மாடிப்படி ஏறி வந்தபோது மணி இரண்டு இருபது. சும்மாடு அப்போது வானத்தின் மேல் புகார் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவனுக்கு நல்ல சட்டை என்று ஒன்றுதான் உண்டு. காலையில் அதைத் துவைத்து மொட்டைமாடியில் காயப்போட்டான். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பத்து நாற்பதுக்கு இடைவேளை மணி அடிக்கிற நேரம் பார்த்து ஒரு கருமேகம் வந்து நின்றது. மூன்று மாடி ஓடிப்போய்ச் சட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினால், கீழே வெயில் பல்லைக் காட்டுகிறது. மறுபடி ஏறிப் போட்டான். மர ஆலையில் பதினொன்றரைச் சங்கு ஊதியபோது இன்னொரு மேகம். மறுபடியும் ஓட்டம். மழை என்று ஒரு பொட்டு இல்லை. கடைசியில் அரை ஈரச் சட்டையையே மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“வானத்துக்கு உன் சட்டையை விட்டா வேற பொழப்பே இல்ல பாரு தம்பி” என்றாள் அண்ணி.

இருபது வருடம் தலையில் மூட்டை சுமந்தவன் அவன். அதனால்தான், மூட்டைக்கு அடியில் தலையில் வைக்கிற துணிச்சுருளின் பெயரே ஒட்டிக்கொண்டு, சும்மாடு என்று ஆனான். முதுகு போதும் என்று சொல்லிவிட்ட பிறகு அண்ணியின் துப்பறியும் அலுவலகத்தில் ஒட்டிக்கொண்டான். அண்ணி அதற்கு முன்னால் காப்பீட்டுக் கம்பெனியில் இருந்தவள். எரிந்த கடை தானாக எரிந்ததா, எரிய வைத்ததா என்று சாம்பலைக் கிளறிச் சொல்லும் வேலை. அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகு சொந்தமாகப் பலகை மாட்டினாள். மூளை அவளுடையது, வாய் கொழுந்தனுடையது என்று அந்தத் தெருவில் பேச்சு.

வந்தவருக்கு இரண்டு முழங்கை வரைக்கும் தார். ரோடு போடுகிற ஆள். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. அவர் சொன்னதை அண்ணி இரண்டு தடவை கேட்டுத்தான் வரிசைப்படுத்திக்கொண்டாள்.

காலையில் ஜல்லிக் குவியலில் கை வைத்த இவருடைய மனைவியைப் பாம்பு கடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்த விஷமுறிவு மருந்து போதவில்லை. கண் இமை இரண்டும் தானாக இறங்கிக்கொண்டே வருகிறது. அடுத்தது மூச்சுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான்கு மணிக்குள் மருந்து வேண்டும். வெளியூரிலிருந்து வருகிற மருந்து நாளைக்குத்தான் வரும். ஊரில் மிச்சம் இருப்பது பன்னிரண்டே குப்பி. எதிர்க் கட்டடத்து மருந்துச் சோதனைக்கூடத்தில், ஒவ்வொரு தயாரிப்பிலும் எடுத்து வைக்கிற மாதிரிக் குப்பிகள். ஓடி வந்து கேட்டால், புதுக் குளிர்ப்பெட்டி சூடாகி மருந்து கெட்டுவிட்டது, மூன்று மணிக்கு எல்லாவற்றையும் கொட்டி அழிக்கப்போகிறோம் என்கிறார்களாம். எதிர்ப்பக்கம் ஒரு அம்மா இருக்கிறார், பூட்டிய பெட்டிக்குள் நடந்ததையும் சொல்வார் என்று வாசல் காவலாளிதான் அனுப்பியிருக்கிறான்.

“ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன் அம்மா. அந்த மருந்து நிஜமாவே கெட்டுப்போச்சா? அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. கெட்டுப்போச்சுன்னா நான் போயி அவ பக்கத்துல உக்காந்துக்கிறேன்.”

சும்மாடு வாயில் ஏதோ பகடி வந்தது. விழுங்கிக்கொண்டான். அண்ணி ஏற்கெனவே செருப்பில் கால் நுழைத்திருந்தாள்.

சோதனைக்கூடத்தின் நடையில் ஒரு அம்மாள் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். இவர்கள் கடக்கும்போது துடைப்பான் குச்சி கை நழுவிக் கீழே விழுந்தது. எடுத்தாள். நாலடி போவதற்குள் மறுபடி விழுந்தது.

“குச்சிக்கு உங்களைப் பிடிக்கலபோல இருக்கே அக்கா” என்றான் சும்மாடு. அவள் நிமிரவில்லை.

கூடத்தின் தலைவர் வகிடு கலையாத மனிதர். ஆனால் கழுத்துப்பட்டை வியர்வையில் நனைந்து கிடந்தது. மருந்தைக் கொடுக்க அவருக்கும் ஆசைதான். சூட்டில் வெந்த மருந்தை ஏற்றிப் பெண் செத்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

சேம்பர் என்று அவர்கள் சொல்லும் அந்த வெப்பநிலைச் சோதனைப் பெட்டி ஆள் உயரத்துக்கு வெள்ளை பீரோ மாதிரி நின்றது. குளிரவும் வைக்கும், சூடாக்கவும் செய்யும். எந்த மருந்து எந்தச் சூட்டில் எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்கிற பெட்டி. அதைப் பொருத்துகிற மெக்கானிக், பிட்டர் என்பார்கள், வந்து மாட்டி மூன்று நாள் ஆகிறது. இன்னும் சோதனை ஓட்டம் முடியவில்லை. இன்று காலையில் பழைய குளிர்ப்பெட்டி படுத்துவிட்டதால், எட்டரை மணிக்கு வேறு வழியில்லாமல் பன்னிரண்டு குப்பியையும் இதற்குள் வைத்தார்கள். நாலு டிகிரியில் இருக்கவேண்டும். எட்டைத் தாண்டக் கூடாது.

இங்கேதான் சிக்கல். பெட்டிக்கு இரண்டு கணக்குப்பிள்ளை. ஒன்று பெட்டியின் நெற்றியில் ஒளிரும் அதன் சொந்த எண். இன்னொன்று சுவரில் மாட்டிய ரெக்கார்டர். அதிலிருந்து ஒரு ஒயர் பெட்டியின் பக்கவாட்டு ஓட்டை வழியாக உள்ளே போகிறது, அதன் நுனியில் சென்சார். அது உணர்கிற சூட்டைப் பேனா முள் ஒன்று காகிதத்தில் கோடாக இழுக்கும். பெட்டியின் எண்ணோ, நாள் முழுக்க ஆறைத் தாண்டவில்லை என்கிறது. காகிதத்துக் கோடு ஒன்பது மணிக்குக் கிளம்பி நாற்பத்தொன்று வரை ஏறி, பன்னிரண்டு மணிக்குத்தான் இறங்கியிருக்கிறது.

“புது மெஷின் சார். அது சொல்றதை எடுத்துக்கக் கூடாதுங்கிறது சட்டம். சோதனை முடியிற வரைக்கும் எங்க ரெக்கார்டர்தான் சாட்சி” என்று சும்மாட்டைப் பார்த்துச் சொன்னார் தலைவர். பெரிய ஆள் அவன்தான் என்று நினைத்துவிட்டார்.

மோட்டார் நின்றிருந்தாலும் அறைச் சூட்டுக்குத்தானே வரும், நாற்பத்தொன்று எங்கிருந்து வந்தது என்று அண்ணி கேட்டாள். ஹீட்டர் கோளாறாக ஓடியிருக்கும், பிட்டர் சரியாக மாட்டாததுதான் காரணம் என்றார். பிட்டரைக் காவலாளி அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள், போலீசுக்குச் சொல்லியாகிவிட்டது.

அந்த அறைக்குப் போனபோது மணி இரண்டு முப்பத்தைந்து.

பிட்டர் ஒடிசலான ஆள். ரசமட்டம் என்றால்தான் ஊரில் தெரியும். மட்டம் பார்க்கிற அந்தக் குமிழிக் கருவியை வைத்துப் பார்க்காமல் எதையும் விடமாட்டார். டீக்கடையில் பெஞ்சு சாய்ந்திருந்தால்கூட அட்டை மடித்துக் காலுக்குக் கொடுத்துவிட்டுத்தான் உட்காருவாராம். இப்போதும் மடியில் அதைத்தான் வைத்துக்கொண்டிருந்தார். அதை இப்படியும் அப்படியும் புரட்ட, உள்ளே இருந்த காற்றுக்குமிழி அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணி கேட்கக் கேட்க வேலையை ஒப்பித்தார். பெட்டியை லாரியில் படுக்கவைத்துக் கொண்டுவந்துவிட்டார்கள். படுத்து வந்த மோட்டாரில் எண்ணெய் ஏறியிருக்கும். அதனால் ஒரு முழு நாள் நிமிர்த்தி நிற்கவைத்து, பிறகுதான் சுவிட்சைத் தொட்டார். நாலு காலும் மட்டம் பார்த்தார். பின்னால் சூடு போக ஒரு சாண் இடம் விட்டார். தனி மின்சார லைன் இழுத்தார். நேற்று முழுக்கக் காலியாக ஓட்டிப் பார்த்தார். எல்லாம் சரி.

பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

“ஒண்ணுதான் தப்பு அம்மா. கதவைத் திறந்து மூடினா சென்சார் சும்மா சும்மா ஆடும். அதனால அதோட நுனியை ஒரு சின்னக் குப்பியில கிளிசரின் ஊத்தி அதுக்குள்ள விடணும். கிளிசரின் வரல. கையில தேங்கா எண்ணெய்தான் இருந்துச்சு. அதுல விட்டேன். குளிர்ல உறைஞ்சு சென்சாரைக் கெட்டியாப் பிடிச்சுக்கிச்சு. எண்ணெய் நின்ன மட்டத்துக்குப் பேனாவால கோடுகூடப் போட்டு வச்சேன்.”

பின்னாலேயே வந்து நின்ற தலைவரின் முகம் தொங்கிப்போனது. சொன்ன பொருளைப் போடாமல் வேறெதையோ ஊற்றியிருக்கிறான், இந்த வேலையில் இனி எதை நம்புவது என்றார். மூன்று மணி வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை, இப்போதே கொட்டிவிடலாம் என்று திரும்பி நடந்தார்.

தார்க்கை மனிதர் சுவரில் சாய்ந்தபடியே தரையில் சரிந்து உட்கார்ந்தார். சும்மாடு எத்தனையோ மூட்டை இறக்கியிருக்கிறான். இறக்கிவைத்த பிறகும் எழுந்திருக்க முடியாத ஆளை இப்போதுதான் பார்க்கிறான். துப்புக் கிடைக்கும் என்று வந்தார்கள். கிடைத்த துப்பு குழியைத்தான் ஆழமாக்கியது.

அண்ணி மட்டும் நகராமல் நின்றாள்.

“தம்பி, ரெண்டு சாட்சி. ஒண்ணு ஆறுங்குது, ஒண்ணு நாப்பத்தொண்ணுங்குது. எது பொய்?”

“புருஷன் பொண்டாட்டி சண்டையில பஞ்சாயத்துக்குப் போனவன் உருப்பட்டதில்ல அண்ணி.”

“ரெண்டு பேரும் நிஜம் சொல்லியிருந்தா?”

அவன் விழித்தான். அவள் அதற்குள் தலைவரின் பின்னால் ஓட ஆரம்பித்திருந்தாள்.

பெட்டிக் கதவைத் திறந்து எண்ணெய்க் குப்பியை வெளியே எடுக்கச் சொன்னாள். எண்ணெய் கல்லாக உறைந்திருந்தது, சென்சார் நடுவில் ஆணி அடித்தது மாதிரி. பிட்டர் போட்ட பேனாக் கோடு மேலே இருந்தது. எண்ணெய் அதற்கு ஒரு விரற்கடை கீழே இருந்தது. உறைந்த எண்ணெய் ஒழுகாது. மூடிய பெட்டியில் அதை யார் குடித்தது என்று கேட்டாள். அடுத்து ஒயரைத் தடவிக்கொண்டே போனாள். உள்ளே சுருட்டி வைத்த நீள ஒயரில் ஒரு இடம் மட்டும் சப்பையாக நசுங்கியிருந்தது. அந்த இடத்தைக் கதவு ரப்பரில் வைத்து மூடிப் பார்த்தாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது.

“எண்ணெய்க் குப்பி வெளியே போயிருக்கு சார். ஒயரைக் கடிச்சுக்கிட்டுக் கதவு மூடியிருக்கு. அந்த இடுக்கால வந்த காத்துதான் உள்ள நாலை ஆறாக்குச்சு. நாப்பத்தொண்ணுங்கிறது அந்தக் குப்பி போன இடத்துச் சூடு. மருந்தோட சூடு இல்ல.”

தலைவர் தடுமாறினார். ஆனால் விடவில்லை. குப்பி எங்கே போனது, எப்போது போனது, யார் பார்த்தது? ஊகத்தின் மேல் கையெழுத்துப் போட முடியாது என்றார். கடைசிச் சாட்சி அந்தக் காகிதம்தான் என்று அதை உருவி மேசையில் விரித்தார்.

சும்மாடு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதே நாற்பது வயதுக்கு மேல். கோடு போட்ட காகிதம் என்றாலே எறும்பு ஊர்ந்தது மாதிரி இருக்கும் என்று ஒதுங்கிவிடுவான். இன்றைக்குக் குனிந்து பார்த்தான். கோடு மலை மாதிரி ஏறியது. ஏறுகிற மலையில் இரண்டு இடத்தில் பள்ளம். பள்ளத்துக்கு நேர் கீழே இருந்த நேரத்தை விரல் வைத்துக் கூட்டிப் படித்தான். பத்து நாற்பது. பதினொன்றரை.

முதுகில் ஒட்டிய அரை ஈரச் சட்டை சட்டென்று குளிர்ந்தது.

“அண்ணி, இந்தப் பள்ளம் ரெண்டையும் எனக்குத் தெரியும். ரெண்டுக்கும் மூணு மாடி ஏறியிருக்கேன்.”

தலைவர் புரியாமல் பார்த்தார்.

“பத்து நாப்பதுக்கு ஒரு மேகம் சார், பதினொண்ணரைக்கு ஒரு மேகம். உங்க ஹீட்டர் கெட்டுப்போனா கோடு குரங்கு மாதிரி ஏறிக்கிட்டே போகணும். மூடின பெட்டிக்குள்ள மேகம் எப்படி சார் வந்துச்சு?”

எல்லோர் கண்ணும் ஜன்னலுக்குப் போனது. கிழக்கு பார்த்த ஜன்னல். விளிம்பில், தூசிக்கு நடுவே, காசளவுக்கு ஒரு வட்டம் மட்டும் சுத்தமாக இருந்தது. பக்கத்தில் எண்ணெய்ச் சொட்டு ஒன்று.

குப்பியை மறுபடி அங்கே வைத்து முள் ஏறுவதைக் காட்டுங்கள், உடனே கையெழுத்துப் போடுகிறேன் என்றார் தலைவர். குரலில் கெஞ்சல் வந்திருந்தது. அண்ணி ஜன்னலைப் பார்த்தாள். மணி இரண்டு நாற்பத்தெட்டு. காலை வெயில் எப்போதோ கட்டடத்தின் அந்தப் பக்கம் போய்விட்டது. விளிம்பில் நிழல்தான் கிடந்தது. சூரியனைத் திருப்பிக் கூட்டிவர நாளைக் காலை ஆகும்.

நடையில் எதுவோ ‘டக்’கென்று விழுந்தது.

துடைப்பான் குச்சி. சும்மாடு போய் எடுத்துக் கொடுத்தான். எடுக்கும்போது அவன் கையிலிருந்தும் வழுக்கியது. உள்ளங்கையை முகர்ந்து பார்த்தான். திரும்பி அண்ணியைப் பார்த்தபோது அவள் ஏற்கெனவே அந்த அம்மாளின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் இடுக்கு முழுக்க வெடிப்பு, பிளீச்சிங் தண்ணீர் தின்ற கை. வெடிப்பெல்லாம் எண்ணெயில் பளபளத்தது.

நீ எடுத்தாயா என்று அண்ணி கேட்கவில்லை.

“கைக்கு எண்ணெய் தடவுனது எத்தனை மணிக்கும்மா?”

அவள் குச்சியை இறுகப் பிடித்துக்கொண்டாள். தலைவரைப் பார்த்தாள், வாசல் பக்கம் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். இந்த வேலை போனால் வேறு வாசல் இல்லை என்பது அந்த நிற்பிலேயே எழுதியிருந்தது. சுவரில் கடிகாரம் ஓடியது. அண்ணி ஒரு வார்த்தை அதட்டவில்லை. அதட்டினால் பூட்டு இறுகும் என்று அவளுக்குத் தெரியும்.

தார்க்கை மனிதர்தான் காவலாளி அறையிலிருந்து எழுந்து வந்தார். தன் இரண்டு கையையும் அவள் முன் நீட்டினார். கும்பிட வந்த கை பாதியில் நின்றுவிட்டது. அவற்றிலும் தோல் உரிந்துதான் இருந்தது.

“அக்கா, என் பொண்டாட்டிக்குக் கண்ணு மூடிக்கிட்டே போகுது.”

குச்சி மறுபடி விழுந்தது. இந்தத் தடவை அவளே விட்டது.

“நான்தான்யா எடுத்தேன். ஒன்பது மணிக்குத் தட்டு துடைக்கக் கதவைத் தொறந்தேன், எண்ணெய் வாசம். தண்ணி பட்டா கை உயிர் போகுது எனக்கு. உறைஞ்சு கெடந்துச்சு, கம்பியும் வரல. கம்பியோடவே வெயில்ல வச்சு, கதவைச் சாத்திட்டுத்தான் போனேன். பன்னெண்டுக்கு வந்து கொஞ்சம் தடவிக்கிட்டு இருந்த எடத்திலேயே வச்சுட்டேன். மருந்து எதையும் தொடல. இவங்க அந்த மெக்கானிக்கைப் பிடிச்சப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரல.”

தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பெட்டியின் சொந்தக் கணக்கை மறுபடி ஓடவிட்டார். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆறு. அதற்கு முன்னும் பின்னும் நாலு. அவள் சொன்ன மூன்று மணி நேரமும் அங்கே அச்சாக இருந்தது. பேனாவைத் திறந்தார், திறந்தபடியே வைத்திருந்தார்.

“நான் கையெழுத்துப் போட்டு அந்தம்மா செத்துட்டா?”

“போடாம செத்தா, பன்னெண்டு நல்ல குப்பியைச் சாக்கடையில ஊத்துன கை உங்களோடது” என்றாள் அண்ணி.

போட்டார். போட்டுவிட்டு, இந்தம்மாளைப் பற்றி மேலே எழுதித்தான் ஆகவேண்டும் என்று முணுமுணுத்தார். தாராளமாக எழுதுங்கள் என்றாள் அண்ணி. எழுதும்போது இத்தனை வருடமாக இவளுக்குக் கையுறை கொடுக்காததையும், இவள் வாய் திறந்ததால்தான் மருந்து பிழைத்ததையும் சேர்த்து எழுதுங்கள், நான் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறேன் என்றாள். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

மூன்று மணிக்கு ஐஸ் பெட்டியோடு தெருவுக்கு வந்தார்கள். ஆட்டோ இருநூறு அடிகூடப் போகவில்லை. முன்னால் வண்டிகள் தேர் மாதிரி அசையாமல் நின்றன. பாதி ரோட்டைத் தோண்டிப் பாதி ரோட்டில் தார் கொட்டி அடைத்திருந்தார்கள். தார்க்கை மனிதர் தலையில் அடித்துக்கொண்டார். அவருடைய ஆட்கள் போட்ட ரோடுதான்.

சும்மாடு இறங்கினான். சட்டையைக் கழற்றினான். முறுக்கிச் சுருட்டித் தலையில் வைத்தான்.

“முதுகு?” என்றாள் அண்ணி.

“முதுகைக் கேட்டா வேண்டாம்னுதான் சொல்லும். தூக்கி வையுங்க.”

ஐஸோடு சேர்த்து ஒரு சின்ன மூட்டை கனம் இருந்தது. சுடுகிற தாரின் ஓரமாக, வண்டிகளின் இடுக்கில், அவன் ஓடினான். பெட்டி ஆடக் கூடாது. கழுத்து நேராக நிற்க, இடுப்புக்குக் கீழேதான் உடம்பு ஓடவேண்டும். அது அவனுக்குத் தெரிந்த வித்தை. பாதி வழியில் முதுகில் ஒரு நரம்பு சுண்டியது. அதற்கப்புறம் அவன் எதையும் யோசிக்கவில்லை, காலை மட்டும் எண்ணினான்.

ஆஸ்பத்திரிக் கடிகாரம் மூன்று முப்பத்தொன்று காட்டியது.

மருந்து ஏறியது. இமை தூக்கினால் பிடித்துவிட்டது என்று அர்த்தம், இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். நாலு மணி ஆனது. நாலரை. அந்தப் பெண்ணின் இமைகள் இழுத்து மூடிய கடைக்கதவு மாதிரி கிடந்தன. கணவர் அவள் காலைப் பிடித்தபடி நின்றார். சும்மாடு பெஞ்சில் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தான். அன்றைக்கு அவன் வாயில் பகடி எதுவும் மிச்சமில்லை. அண்ணி கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டாள்.

ஐந்து மணிக்கு வாசலில் ஆள் நிழல் தெரிந்தது. விடுதலையான ரசமட்டம். அவருக்குப் பின்னால், உள்ளே வரத் துணியாமல், துடைக்கிற அம்மாள். ரசமட்டம் கட்டில் கால்மாட்டில் வந்து நின்று, ஒற்றைக் கண்ணை மூடி, மட்டம் பார்க்கிற மாதிரி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அரை மணி ஆகியும் இடம் மாறவில்லை.

“இடது பக்கம்” என்றார் கடைசியில், மெதுவாக. “ஒரு நூல் ஏறியிருக்கு.”

யாருக்கும் தெரியவில்லை. டாக்டர் ஓடி வந்து டார்ச் அடித்துக் குனிந்தார். குனிந்தவர் நிமிர நேரமானது. நிமிர்ந்ததும், ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

வாசலில் நின்ற அம்மாள் வெடித்த கைகளால் வாயைப் பொத்திக்கொண்டாள். சும்மாடு தலைக்கடியில் வைத்திருந்த சுருளை உருவி முகத்தின் மேல் போட்டுக்கொண்டான். அவனுடைய ஒரே நல்ல சட்டை அது. ஐஸ் தண்ணீரில் ஊறி, மறுபடி ஈரமாக இருந்தது.